கோட்டில் நின்ற கூலன்ட்

பதினெட்டு நாட்கள், ஆறு மணி நேரம். அப்பாவின் பள்ளி வேன் முதன்முதலில் வெள்ளைப் புகை விட்டதிலிருந்து பட்டறை வாசலில் வந்து நின்றது வரை அவ்வளவு நேரம். நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.

முதல் நான்கு நாட்கள் எல்லாம் புரிந்தது. காலையில் வண்டியைக் கிளப்பினால் புகை வெள்ளையாக வந்தது. இன்ஜின் சூடான பிறகும் நிற்கவில்லை. அதில் லேசான இனிப்பு வாடை. இன்ஜினைக் குளிரவைக்கும் பச்சைத் திரவமான கூலன்ட், அதன் டப்பாவில் தினமும் ஒரு விரல் அளவு குறைந்தது. தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. ஆயிலும் சுத்தமாக இருந்தது.

போனில் இதையெல்லாம் சொன்னதும் மெக்கானிக் மாமா, "இ.ஜி.ஆர். கூலரா இருக்கும்" என்றார். புகையில் ஒரு பங்கு இன்ஜினுக்கே திரும்பிப் போகும். போகும் வழியில் அதை ஆறவைக்கிற பெட்டி அது. உள்ளே குழாய்களில் புகை, சுற்றிலும் கூலன்ட். குழாயில் விரிசல் விழுந்தால் கூலன்ட் புகையோடு சேர்ந்து போய்விடும்.

"ஆனா பார்க்காம கழட்ட மாட்டேன். டப்பாவுல ஒரு கோடு போடும்மா. வண்டி ஆறியிருக்கறப்ப பாரு. எவ்வளவு குறையுதுன்னு சொல்லு."

ஐந்தாம் நாள் காலை கறுப்பு மார்க்கரால் கோடு போட்டேன். கொஞ்சம் கூலன்ட்டை ஒரு மருந்து பாட்டிலில் எடுத்தும் வைத்தேன். அன்றோடு குறைவது நின்றுவிட்டது.

ஆறாம் நாள், கோட்டில். ஏழாம் நாள், கோட்டில். பத்தாம் நாளும் கோட்டில். புகை மட்டும் அப்படியே வந்தது, அதே வாடையோடு.

நான் வேதியியல் படித்தவள். இனிப்பு வாடை கூலன்ட்டிலிருந்துதான் வர வேண்டும். வருகிறதென்றால் குறைய வேண்டும். குறையவில்லை. வண்டி சாய்வாக நிற்கிறதோ என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். வெயிலில் விரிகிறதோ என்று ஒரே நேரத்தில், காலை ஆறுக்கு மட்டும் பார்த்தேன். கடைசியில் என் மூக்கின் மேலேயே சந்தேகம் வந்தது.

அப்பாவுக்கு மட்டும் குழப்பமே இல்லை. முதல் நான்கு நாட்கள் டப்பாவைப் பார்த்துவிட்டு வந்து தட்டைத் தள்ளி வைத்தவர், இப்போது ஒழுங்காகச் சாப்பிட்டார்.

"தானா சரியாயிடுச்சு பாரு. மனுஷனுக்குச் சளி பிடிச்சா விட்டுப் போறதில்லையா?"

"சளி போனா தும்மல் நிக்கணுமேப்பா."

"பட்டம் வாங்கினதுலேர்ந்து இவ வாய் நீண்டுடுச்சு" என்றார் அம்மாவிடம். அம்மா அவருக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

பதினெட்டாம் நாள் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். புகையைப் பார்த்துப் பெற்றோர்கள் புகார் சொல்கிறார்களாம். வண்டியைச் சரிசெய்ய மூன்று நாள். அதற்கு மேல் ஆனால் அந்த வழி வேறு வேனுக்குப் போய்விடும். அப்பாவுக்கு அந்த ஒரு ஓட்டம்தான்.

மறுநாள் பட்டறைக்குக் கிளம்பியபோது, கடைக்குப் போக வேண்டும் என்று அம்மாவும் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

மெக்கானிக் மாமா என் நோட்டைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் ஒரே எண்.

"கூலன்ட் குறையல. அப்போ கூலர் நல்லா இருக்கு."

"ஆனா வாடை..." என்றேன்.

"டீசலை மோந்து மோந்து என் மூக்கு செத்து எத்தனையோ வருஷமாச்சும்மா. எனக்கு அளவுதான் தெரியும். இது டீசலைப் பீச்சற இன்ஜெக்டரோட வேலை. கழட்டி வெளியே அனுப்பணும். வர பன்னெண்டு நாள்."

அப்பா வேனின் படியில் உட்கார்ந்துவிட்டார். "கூலரா இருந்திருந்தா?"

"கூலர் என்கிட்டயே ஒண்ணு இருக்கு. நாளைக்குச் சாயங்காலம் வண்டி ஓடும். இல்லாத நோய்க்கு மருந்து போடச் சொல்றியா மாப்ளே?"

நான் பையிலிருந்து இரண்டு பாட்டில்களை எடுத்தேன்.  அவற்றை மேசையில் வைத்தேன். ஒன்றில் அடர்ந்த பச்சை. மற்றதில் பச்சை என்று சொன்னால்தான் பச்சை.

"என்னம்மா இது?"

"இது அஞ்சாம் நாள் எடுத்தது. இது இன்னைக்கு. அளவு ஒண்ணுதான் மாமா. ஆனா தண்ணி கலந்திருக்கு. எப்படின்னுதான் தெரியல."

"தண்ணி வானத்துலேர்ந்தா விழும்? யாராவது ஊத்தினீங்களா?"

"என் வண்டியை எவன் தொடுவான்?" அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சாவி என் தலைமாட்டுல இருக்கு. விடிகாலையில வண்டியக் கூட்டறதுக்கு இவ எடுப்பா, அவ்வளவுதான்."

அம்மா கைப்பையின் காதைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"அப்போ எனக்கும் புரியல. இன்ஜெக்டரைக் கழட்டறேன்" என்று மாமா ஸ்பேனரை எடுத்தார்.

"கழட்டாதீங்க அண்ணே."

அம்மாவின் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"பாப்பா கோடு போட்டிருந்தாளா, அதுவரைக்கும் இருக்கணும்போலன்னு நெனச்சேன். கொறஞ்சிருந்தா இவர் சாப்பிடாம போயிடறார். அளக்கறதுக்குப் போட்ட கோடுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அதுக்குள்ள ஒரு வாரம் ஆயிடுச்சு, சொல்லப் பயமா இருந்துச்சு." அம்மா அப்பாவைப் பார்க்கவில்லை. "தினமும் காலையில நான்தான் அதுல தண்ணி ஊத்தினேன்."