தண்ணீர் பாவிப்போர் எவருமில்லை

"சுரங்கச் சட்டமா? நம்ம மலையில எங்க இருக்கு சுரங்கம்?"

அண்ணி நாகலெட்சுமி இப்படிக் கேட்டபோது பிரேமினிக்குச் சிரிப்புத்தான் வந்தது. கேள்வியில் தப்பில்லை. ஹட்டன் கோர்ட்டில் சட்டத்தரணியாக நிற்கும் பிரேமினியிடம் வருகிறதெல்லாம் ஜீவனாம்சம், பஸ் விபத்து, அடிதடி வழக்குகள். கொழும்பில் முதுமாணிப் படிப்புக்குச் சேர்ந்தபோது, சனிக்கிழமையில் மட்டும் வகுப்பு வைத்த பாடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சுரங்கமும், மின்சாரம், எண்ணெய் போன்ற சக்திவலுவும் பற்றிய சட்டம். வாரநாளில் கோர்ட்டை விட்டுவிட்டுக் கொழும்புக்கு ஓட முடியாது என்பதால் அதை எடுத்தாள். மற்றபடி பெரிய காரணம் எதுவும் கிடையாது.

ஆனால் முதல் வகுப்பே அவளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டது. நிலம் ஒருவருக்குச் சொந்தமாக இருக்கலாம், அதற்கு அடியில் கிடக்கும் கனியம் அவருடையதல்ல, அது அரசாங்கத்துடையது என்று விரிவுரையாளர் சொன்னார். எல்லோரும் குனிந்து எழுதினார்கள். பிரேமினி எழுதவில்லை. அடியில் இருப்பது அரசாங்கத்துக்கு. மேலே முளைக்கிற தேயிலை கம்பனிக்கு. நடுவில் லயத்து வரிசைவீட்டின் ஒற்றைக் காம்பராவில் பிறந்து வளர்ந்து செத்தும் போகிற எங்களுக்கு அதில் எந்தப் பங்கு? அந்தக் கேள்வி அன்றைக்கு பஸ்ஸில் ஹட்டன்வரைக்கும் அவளோடு வந்தது.

அந்த பஸ்ஸில் அவளுக்கு ஒரு கூட்டாளியும் இருந்தான். ரிஸ்கான். அவனுடைய வாப்பாவுக்குக் கினிகத்தேனையில் ஹார்ட்வெயார் கடை. அவனும் அதே வகுப்பில்தான் படித்தான். சின்னச் சின்ன ஆறுகளை மறித்து மின்சாரம் எடுக்கிற ஒரு கம்பனியில் சட்ட அலுவலர் வேலை. சனிக்கிழமை விடிகிறபோது கினிகத்தேனையில் ஏறுவான்; உம்மா கட்டிக்கொடுத்த ரொட்டியில் பாதி பிரேமினிக்கு. சாப்பிட்டு முடித்ததும் வழக்குத் தீர்ப்புகளைப் பற்றிச் சண்டை பிடிக்க ஆரம்பிப்பார்கள். அவிசாவளை வரைக்கும் ஓயாது.

ஒரு சனிக்கிழமை அவன் ஏறும்போதே முகம் நிறையச் சிரிப்பு.

"ஒங்கட கல்லுமலைத் தோட்டத்திலதான் அடுத்த புரஜெக்ட். மேல ஆத்தை மறிச்சு, குழாய்ல தண்ணிய எறக்கி, கீழ பாலத்துக்கிட்ட மின்நிலையம். தோட்டத்து ஆள்களுக்குத்தான் வேலை குடுப்பாங்க."

"நெசமாவா?"

"நெசம். ஆனா ஒரு உதவி வேணும். சனங்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் வைக்கணும். அதிகாரி சிங்களத்தில பேசுவாங்க. தமிழ்ல சொல்ல ஆள் வேணும். நீங்க வாங்களேன்."

பிரேமினி யோசிக்கவே இல்லை. சரி என்றாள்.

வீட்டில் அந்தச் செய்தி ஒரு திருவிழாவைப் போல இறங்கியது. அண்ணன் சுதாகரனுக்குக் கொழும்பில் புடவைக் கடையில் வேலை. தீபாவளிக்கும் தோட்டத்துத் தேருக்கும் வந்து போவான். மகள் தக்ஷிகாவுக்கு அப்பா என்றால் போன்தான். அவன் நேரில் வந்து நின்றாலும் போனைத் தூக்கிக் காட்டி "அப்பா" என்பாள். கம்பனிக்காரர்கள் குழாய் போகிற வழியை அளக்க வந்தபோது கையாளாக ஆள் தேடினார்கள். சுதாகரன் கடையில் சொல்லிவிட்டு வந்து சேர்ந்தான். மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கே வரக்கூடிய வேலை. ஒரு மாதத்துக்குள் தக்ஷிகா அவன் தோளைவிட்டு இறங்க மறுத்தாள். அண்ணி பாட்டுப் பாடிக்கொண்டு பாத்திரம் கழுவுவதை பிரேமினி அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டாள்.

கூட்டம் கோயில் மண்டபத்தில் நடந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து தேயிலை மலைக்குப் போக வேண்டியவர்களுக்குத் தோட்டத்துத் துரை அரைநாள் விட்டிருந்தார். கூடையோடு வந்த பெண்கள் கூடைகளை வாசலில் அடுக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்தார்கள். மேசைக்குப் பின்னால் அனுமதி கொடுக்கிற அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி அம்மா, கம்பனி இன்ஜினியர், ரிஸ்கான். பக்கத்தில் மைக்கோடு பிரேமினி. மினுக்கமாக இஸ்திரி போட்ட சாரி. முன்வரிசையில் இருந்த அண்ணன் அவளைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தான்.

ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகவே போனது. எத்தனை பேருக்கு வேலை, பாதை எங்கே கொங்கிரீட் போடப்படும் என்று அதிகாரி அம்மா சிங்களத்தில் சொல்லச் சொல்ல, பிரேமினி தமிழில் சொன்னாள். கைதட்டல் வந்தது. பிறகு அதிகாரி அம்மா சுற்றாடல் அறிக்கையின் சுருக்கத்தை வாசிக்க ஆரம்பித்தார். அதில் ஒரு வசனம் வந்தது.

பிரேமினி எட்டி அந்தத் தாளைப் பார்த்தாள்.

"என்ன மிஸ்? திரும்ப வாசிக்கவா?" என்று அதிகாரி அம்மா சிங்களத்தில் கேட்டார்.

"இல்ல, விளங்கிச்சு." அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு சனங்களைப் பார்த்தாள். "அணைக்கட்டுக்கும் மின்நிலையத்துக்கும் இடையில, இந்த ஆத்துத் தண்ணியைப் பாவிக்கிறவங்க யாரும் இல்லைன்னு சொல்றாங்க."

பின்னாலிருந்து தோட்டத் தொழிலாளர் தலைவர் பழனியாண்டி எழும்பினார்.

"அப்ப நான் காலையில மூஞ்சி கழுவுனது எதுல?"

மண்டபமே சிரித்தது. பிரேமினியால் சிரிக்க முடியவில்லை. மூன்று லயத்துக்கும் குடிக்க, குளிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் அந்த ஆறுதான். மேலே மறித்துக் குழாயில் இறக்கினால் இங்கே ஆறு காய்ந்துவிடும். மேட்டிலிருந்து கறுப்புக் குழாய் போட்டு, லயத்துப் பொதுக் குழாயான பீலிக்குத் தண்ணீர் இறக்கியது அவளுடைய அப்பாவும் கூட்டாளிகளும். அறிக்கை எழுதியவர்கள் பொய் எழுதவில்லை. காணி உறுதிப் பத்திரம் வைத்திருப்பவர்களையும் தண்ணீர் இணைப்புக்குப் பதிந்தவர்களையும் மட்டும் எண்ணியிருக்கிறார்கள். கல்லுமலையில் இரண்டும் இல்லாதவர்கள் எல்லோரும். ஆகவே எவருமில்லை.

இதைப் பற்றித்தான் அவள் கொழும்பில் படித்துக்கொண்டிருந்தாள். பாதிக்கப்படும் தரப்பு என்றால் யார், அதை எந்தச் சொல்லால் வரையறுக்கிறார்கள், ஒரு சொல்லுக்குள் வராதவர்களுக்கு என்ன ஆகிறது. வகுப்பில் அது தென்னமெரிக்காவில் ஏதோவொரு செப்புச் சுரங்கத்தைப் பற்றிய கதையாக இருந்தது. இங்கே அது அண்ணி தண்ணீர் பிடிக்கிற பீலி.

மொழிபெயர்க்க வந்தவள் சொந்தமாக ஒரு வார்த்தை பேசக்கூடாது. அது அவளுக்குத் தெரியும். மைக்கை மேசையில் வைத்தாள். ரிஸ்கான் கண்ணாலேயே "வேணாம்" என்றான்.

"மேடம்," என்றாள் சிங்களத்தில். "இவ்வளவு நேரமும் கம்பனிக்காகப் பேசினேன். இனி அது முடியாது. நான் இந்தத் தோட்டத்துப் பிள்ளை. அந்தத் தண்ணியைக் குடிச்சு வளர்ந்தவள். கீழே இறங்கி ஒருதடவை வந்து பாருங்க. தூரமில்லை."

இன்ஜினியர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதிகாரி அம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். சப்பாத்தைப் பார்த்தார், வெளியே தூறிக்கொண்டிருந்த மழையைப் பார்த்தார். "சரி, போவோம்," என்று எழும்பினார்.

தேயிலைக்கு நடுவில் வழுக்குகிற படிகளில் ஊரே அவருக்குப் பின்னால் இறங்கியது. பீலியடியில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி துணி அலசிக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றிக் குடங்கள் வரிசையில் நின்றன. அதிகாரி அம்மா அவற்றை எண்ணிப் பார்த்தார். கறுப்புக் குழாய் வழியே ஆற்றங்கரை வரைக்கும் ஏறினார். திரும்பி வரும்போது காலில் அட்டை கடித்து ரத்தம் வழிந்தது. நாகலெட்சுமி ஓடிப்போய்ச் சவர்க்காரம் கொண்டுவந்து தேய்த்து அட்டையை எடுத்துவிட்டாள்.

"பழைய அறிக்கைக்கு நான் ஒப்பம் வைக்க முடியாது," என்று அவர் போகும்போது ரிஸ்கானிடம் சொன்னார். "திரும்ப ஆய்வு செய்ய வேண்டும்."

அன்றைக்குப் பழனியாண்டி பிரேமினிக்கு மாலை போடவே பார்த்தார். லயத்துக்கு லயம் அவளைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தார்கள். வீட்டுக்குள் நுழைந்தபோதுதான் அண்ணனின் முகத்தைப் பார்த்தாள்.

"வேலைய நிப்பாட்டிட்டாங்க," என்றான் சுதாகரன். "சாமானெல்லாம் லொறில ஏத்திட்டாங்க. எப்பத் தொடங்கும்னு தெரியாதாம்."

"அண்ணே, தண்ணி இல்லாமப் போயிருக்குமே. நான் என்ன செய்ய?"

"நீ செஞ்சது பிழைன்னு சொன்னேனா?" அவன் குரல் உயரவில்லை, அதுதான் அவளைச் சுட்டது. "ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாம். மேடையில நிக்கிறப்போ முன்னாடி இருந்தேன்ல? என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல நீ."

உண்மைதான். அந்த நேரத்தில் அவள் அண்ணனை நினைக்கவே இல்லை.

மாத முடிவில் அவன் கொழும்புக்குப் பஸ் ஏறினான். கடையில் பழைய இடம் போய்விட்டது. வேறு கடையில், முன்பைவிட அதிக நேரம் நிற்கிற வேலை. தக்ஷிகா மறுபடி போனைப் பார்த்து அப்பா என்றாள். அண்ணி பிரேமினியிடம் ஒருநாளும் குறை சொல்லவில்லை. பாட்டுத்தான் நின்றுபோனது.

பஸ்ஸிலும் மாற்றம். ரிஸ்கான் ஏறுவான், தலையை ஆட்டுவான், பின் சீட்டுக்குப் போய்விடுவான். கம்பனியில் அவனைக் கூப்பிட்டு, அந்தப் பொம்பிளையைக் கொண்டுவந்தது யார் என்று கேட்டிருக்கிறார்கள். வேலை போகாமல் தப்பியதே பெரிது. பிரேமினி பலமுறை எழும்பிப் போய் மன்னிப்புக் கேட்க நினைத்தாள். எதற்கு மன்னிப்பு என்ற யோசனை வந்ததும் உட்கார்ந்துவிடுவாள்.

ஆய்வுக்கட்டுரைக்குத் தலைப்பு கொடுக்க வேண்டிய நாள் வந்தது. மற்றவர்கள் எண்ணெய், காற்றாலை என்று கொடுத்தார்கள். பிரேமினி, காணி உரிமை இல்லாத தோட்டக் குடியிருப்பாளரும் சிறு நீர்மின் திட்டங்களும் என்று கொடுத்தாள். எழுத எழுத ஒன்று விளங்கியது. திட்டத்தை நிறுத்துவது அவளுக்கு வேண்டியதில்லை. நிறுத்தினால் தண்ணீர் மிஞ்சும், அண்ணன் மிஞ்சமாட்டான். திட்டமும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். அதற்குச் சட்டத்தில் இடம் தேட வேண்டும்.

கிதுல்கலையில் பஸ் நின்றபோது ஒரு சனிக்கிழமை அவள் பின் சீட்டுக்குப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரிஸ்கான், கோவம் இருந்தா இருக்கட்டும். ஒண்ணு கேக்கிறேன். கதவு வைச்சு மூடித் தெறக்கிற மாதிரி இல்லாம, அணைக்கட்டோட அடியில நிரந்தரமா ஒரு துவாரம் விட்டுக் கட்ட முடியுமா? யாராலயும் மூட முடியாத துவாரம். அனுமதி நிபந்தனையிலயே அதை எழுதிட்டா?"

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். "கரண்ட் கொறையும்," என்றான் திரும்பாமலே.

"எவ்வளவு?"

"இன்ஜினியர்கிட்டத்தான் கேக்கணும்." பிறகு, "நிபந்தனையை எப்படி எழுதுவீங்க? காட்டுங்க," என்றான்.

அன்றைக்குக் கொழும்பு போய்ச் சேரும்வரை அவர்கள் சண்டை பிடித்தார்கள். ரொட்டி அடுத்த சனிக்கிழமைதான் வந்தது.

கம்பனி உடனே இணங்கவில்லை. காலம் கடந்தால் அவர்களுக்கும் நட்டம் என்பதை ரிஸ்கான் மெல்ல மெல்லப் புரியவைத்தான். பிரேமினி கூலி வாங்காமல் தோட்டத்து ஆட்களுக்காக நின்றாள். லயம் லயமாகப் போய்ப் புது ஆய்வுக்காரர்களுக்குப் பீலிகளைக் காட்டினாள். கடைசியில் அனுமதி வந்தபோது அடியில் திறந்த துவாரமும், லயங்களுக்குத் தனிக் குழாயும் நிபந்தனையாக இருந்தன. தண்ணீரைப் பாவிப்போர் என்ற இடத்தில் மூன்று லயங்களின் பெயரும் இருந்தது. பழனியாண்டி அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

எல்லாம் சுகமாக முடிந்தது என்று சொல்ல முடியாது. அணை கட்டி முடிந்த பிறகு வந்த போன வறட்சியில் பீலியில் நூல்போலத்தான் தண்ணீர் வந்தது. அணைக்கட்டால் குறைந்ததா, வானம் பொய்த்ததா என்று இன்னமும் வாக்குவாதம் நடக்கிறது. பிரேமினியின் கட்டுரைக்கு நடுத்தரப் புள்ளிதான் கிடைத்தது. உணர்ச்சி கூடிவிட்டது என்று ஒரு பரீட்சகர் எழுதியிருந்தார். அவள் அதை வாசித்துவிட்டுச் சிரித்தாள். கூடித்தான் இருந்தது.

அதற்கெல்லாம் முன், அனுமதி வந்து வேலை திரும்பத் தொடங்கியபோது அண்ணனுக்கு வேலை கொடுக்கச் சொல்லி ரிஸ்கானிடம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பான். ஆனால் இத்தனைக்கும் பிறகு, அவள் நின்றது சொந்தக்காரனுக்காகத்தான் என்று ஒருவர் சொன்னாலும் அவளால் தாங்க முடியாது. அதைப் போனில் அண்ணனிடமே சொல்லிவிட்டாள். இந்தமுறை முன்கூட்டியே.

மறுமுனையில் கடைச் சத்தம் இரைந்தது.

"நீ கேக்காத," என்றான் சுதாகரன். "நானே வந்து பேர் குடுக்கிறேன். எடுத்தா எடுக்கட்டும்."

வந்தான். வரிசையில் நின்றான். குழாய் இறக்குகிற வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். முதல் நாள் மத்தியானம் சேறு அப்பிய காலோடு சோற்றுக்கு வந்தவன், கோர்ட் லீவில் வீட்டிலிருந்த தங்கச்சியைப் பார்த்ததும், "என்னா லோயரம்மா, ஒங்க துவாரத்துக்காக இன்னொரு குழி வெட்டச் சொல்றாங்க. முதுகு ஒடியுது," என்று திட்டிக்கொண்டே உட்கார்ந்தான்.

"வெட்டுங்கண்ணே," என்று சொல்லி, பிரேமினி அவன் தட்டில் சோற்றைப் போட்டாள். குசினிக்குள் அண்ணி ஏதோ ஒரு பாட்டின் நடுவரியில் இருந்தாள்.