வெள்ளிமலை ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும்

கடைக்கு வருகிறவர்கள் "மேடம் இல்லீங்களா?" என்று கேட்க ஆரம்பித்த பிறகுதான் செழியனுக்கு இந்த எரிச்சல் வந்தது.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கச் சந்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தான். போர்டில் இருப்பது அவன் பெயர்தான். செத்துக் கிடக்கிற மெஷினைத் திறந்து, ஃபேன் ஓடுகிற சத்தத்தை வைத்தே எது போயிருக்கிறது என்று சொல்லிவிடுவான். நிர்மலாவைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்தபோது அவளுக்குத் தமிழ் டைப்பிங் மட்டும்தான் தெரியும். கடையின் ஓரத்தில் உட்கார்ந்து மனுக்கள் அடித்துக் கொடுப்பாள். கொரோனாவில் கடை பூட்டிக் கிடந்த நாட்களில் யூட்யூப் பார்த்து வெப்சைட் கட்டக் கற்றுக்கொண்டாள். பழைய லேப்டாப் ஒன்றைச் சரிபண்ணி அவளிடம் கொடுத்தவனும் அவன்தான். "கத்துக்கோ, பொழுது போவும்" என்றான். அதோடு நின்றுவிடும் என்று நினைத்தான்.

நிற்கவில்லை. சங்கராபுரத்தில் ஒரு கல்யாண மண்டபம், பிறகு ஒரு டிராக்டர் ஷோரூம் என்று வேலை வந்துகொண்டே இருந்தது. ஒரு நிச்சயதார்த்தத்தில் யாரோ அவனை "நிர்மலா மேடம் வூட்டுக்காரர்" என்று அறிமுகம் செய்தார்கள். சிரித்துக்கொண்டே தலையாட்டினான். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் பார்த்த அதே வீடியோக்களைக் கடையில் தனியாக இருக்கும்போது ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பார்க்கத் தொடங்கினான். சீக்கிரமே தலை சுற்றியது. அவள் உள்ளே வரும் சத்தம் கேட்டால் சட்டென்று மூடிவிடுவான். சாப்பிடும்போது அவள் ஏதாவது விளக்கினால், புரியாவிட்டாலும் "ஆமாமா" என்பான்.

இதெல்லாம் இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது கல்வராயன் மலையிலிருந்து அவளுக்கு ஒரு பெரிய வேலை வந்தது. வெள்ளிமலையில் உழவர் குழு ஒன்று தேன், சாமை, புளி, கடுக்காய் எல்லாவற்றையும் வெளியூருக்கு விற்க ஒரு வெப்சைட் வேண்டும் என்றது. நிர்மலா ராப்பகலாக உட்கார்ந்து கட்டி முடித்தாள். அழகாக வந்திருந்தது. அது அழகாக வந்திருந்ததுதான் செழியனுக்குப் பொறுக்கவில்லை.

ஒரு வாரம் கழித்துக் குழுவின் குமாஸ்தா மாயவன் போன் செய்தார். "மேடம், நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டர்ல சைட்டு கோணல்மாணலா தெரியுது. ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கினு இருக்குது."

நிர்மலா தன் லேப்டாப்பில் பார்த்தாள், போனில் பார்த்தாள், கடையில் இருந்த மெஷின்களில் எல்லாம் பார்த்தாள். எல்லாவற்றிலும் சரியாக இருந்தது. போனிலேயே மாயவனுக்கு அதை அழுத்துங்க, இதை அழிங்க என்று சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

"ஏங்க, அந்த மெஷின் நீங்க குடுத்ததுதானே? நாளைக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடலாமா?" என்று கேட்டாள்.

"வரேன்" என்றான் செழியன். உள்ளுக்குள் ஒரு குஷி எட்டிப் பார்த்தது.

மறுநாள் காலையில் பைக்கில் கிளம்பினார்கள். கச்சிராயப்பாளையம் தாண்டி மலை ஏறும்போது, என்னவாக இருக்கும் என்று அவள் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். கொண்டை ஊசி வளைவுகளில் பைக் திணறியது. தப்பு அவளுடையதாக இருக்க வேண்டும், அதுவும் பெரிய தப்பாக இருக்க வேண்டும் என்று செழியன் வேண்டிக்கொண்டே ஓட்டினான்.

குழுவின் ஆபீஸ் ஒரே அறைதான். மூலையில் சாமை மூட்டைகள், ஜன்னலோரம் கம்ப்யூட்டர். தலைவி பெரியம்மாளும் உறுப்பினர்கள் சிலரும் வந்து காத்திருந்தார்கள். அங்கே போனில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்ததால், அவர்கள் எல்லோரும் அந்த வெப்சைட்டைப் பார்ப்பது இந்த ஒரு கம்ப்யூட்டரில்தான்.

மாயவன் சைட்டைத் திறந்து காட்டினார். தேன் பாட்டில் படத்தின் மேல் எழுத்துகள் ஏறி உட்கார்ந்திருந்தன. மேலே வரிசையாக நிற்க வேண்டிய தலைப்புகள் நெருக்கியடித்துக்கொண்டு கீழே சரிந்திருந்தன. 'வாங்க' என்று இருக்க வேண்டிய பட்டனில் 'வா' மட்டும்தான் தெரிந்தது.

"கடைக்கு வர்றவங்களை மரியாதை இல்லாம 'வா'ங்குது பாரு" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நிர்மலாவின் முகம் சிவந்தது.

செழியனுக்குப் பார்த்த உடனேயே விஷயம் புரிந்துவிட்டது. போன தீபாவளிக்கு முன்னால் இந்த மெஷினை சர்வீஸ் பண்ண வந்தபோது, "எழுத்து பொடிசா இருக்குது சார், கண்ணு தெரியல" என்று மாயவன் சொல்லியிருந்தார். அவன்தான் ப்ரௌசர் செட்டிங்குக்குள் போய், எந்த எழுத்தும் இந்த அளவுக்குக் கீழே போகக்கூடாது என்று கடைசிவரை இழுத்துவிட்டிருந்தான். இப்போது அவள் பதினைந்து என்று போட்ட எழுத்தை அது இருபத்துநாலாக்கிக் காட்டுகிறது. எழுத்து ஊதிவிட்டது, அதைச் சுற்றி அவள் கட்டிய பெட்டி அதே அளவில் நிற்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"சார், உங்களுக்கு இன்னா தோணுது?" என்று பெரியம்மாள் அவனைத்தான் கேட்டார்.

"மெஷின் நல்லாத்தாங்க இருக்குது" என்றான் செழியன். "சைட்டுலதான் ஏதோ கோளாறு."

சொன்ன பிறகு அவனுக்கே கொஞ்சம் திக்கென்றது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுக்கவில்லை. மூட்டை மேல் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

நிர்மலா உட்கார்ந்தாள். பழைய விண்டோஸ், ப்ரௌசரும் பழையது, அதனால் இருக்கலாம் என்று ஆரம்பித்தாள். அது இல்லை. சேமித்து வைத்திருந்த பழைய பக்கங்களை எல்லாம் அழித்துவிட்டுத் திறந்தாள். அப்படியேதான் இருந்தது. பக்கத்தின் அளவு நூறு சதவீதத்தில்தான் இருந்தது. நடுவில் கரண்ட் போய், வந்து, மறுபடியும் எல்லாம் முதலிலிருந்து. கட்டைவிரல் நகத்தைக் கடித்துக்கொண்டு, தான் எழுதியதைத் தானே நம்பாமல் வரி வரியாகப் படித்தாள். கழுத்தில் வியர்வை இறங்கியது. அவள் தடுமாறுவதைப் பார்க்க செழியனுக்கு இனித்தது. எத்தனை நாளாக இவன் அவள் முன்னால் "ஆமாமா" என்று தலையாட்டியிருக்கிறான். இப்போது அவளுக்கும் ஒன்று தெரியவில்லை, இவனுக்குத் தெரிகிறது.

"அடுத்த வாரம் பாண்டிச்சேரியிலேர்ந்து கடைக்காரங்க வராங்க" என்றார் பெரியம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. "இதுலதான் காட்டணும். மெட்ராஸ் கம்பெனிகிட்ட குடுக்கலாம்னுதான் இவங்க எல்லாம் சொன்னாங்க. நான்தான் நம்ம பக்கத்துப் பொண்ணு, நல்லா செய்யும்னு நின்னேன்."

நிர்மலாவின் தோள் கொஞ்சம் இறங்கியது. அந்தத் தோளைப் பார்த்தபோது செழியனின் இனிப்பு கசந்துவிட்டது. இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். சொன்னால் முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். மூடிக்கொண்டான்.

"நான் பதினஞ்சுன்னு போட்ட எழுத்து இதுல ஏன் இவ்ளோ பெருசா வருது?" என்று அவள் தனக்குள் பேசுவதுபோலக் கேட்டாள்.

அவள் பின்னால் நின்றிருந்த மாயவன் வெகுளியாகச் சொன்னார்: "பெருசாத்தான் மேடம் வரும். சார்தான் எனக்குத் தெரியணும்னு பெருசாக்கி வுட்டாரு. அதுக்கப்புறந்தான் எனக்குக் கண்ணாடி இல்லாமப் படிக்க முடியுது."

நிர்மலா திரும்பி செழியனைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவைதான். அவன் சாமை மூட்டையின் தையலைப் பார்த்தான். அந்தப் பார்வையிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று என்று அவனுக்கும் தெரிந்தது.

அவள் நேராகச் செட்டிங்குக்குள் போய் அந்த இடத்தைக் கண்டுபிடித்தாள். பழைய அளவுக்கு இழுத்தாள். சைட் நிமிர்ந்து, வரிசையாக, கள்ளக்குறிச்சியில் தெரிந்தது போலவே நின்றது. "அட" என்றார்கள் பின்னால் இருந்தவர்கள். மாயவன் மட்டும் திரைக்கு அருகில் குனிந்து கண்ணை இடுக்கினார்.

நிர்மலா அவரைப் பார்த்தாள். அளவை மறுபடியும் கடைசிவரை இழுத்து, சைட்டைக் கோணலாகவே ஆக்கினாள்.

"மெஷின் மேல தப்பு இல்லீங்கம்மா" என்றாள் பெரியம்மாளிடம். "பெட்டி எல்லாத்துக்கும் நீள அகலத்தை நான் அளந்து கட்டிட்டேன். எழுத்து பெருசானா பெட்டியும் கூட வளரணும். இவர மாதிரி கண்ணு தெரியாதவங்க எத்தனை பேர் வாங்க வருவாங்க. அவங்களுக்கும் சரியா தெரியணும் இல்ல? மத்தியானத்துக்குள்ள மாத்திக் குடுத்துடறேன்."

லேப்டாப்பைத் திறந்து வேலையில் இறங்கினாள். அவனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. செழியன் வெளியே போய்க் கடுக்காய் மரத்தடியில் நின்றான். அவள் அங்கேயே அவனைத் திட்டியிருந்தால் கூடத் தேவலை. அவளை மட்டம் தட்ட நினைத்து நின்ற இடத்தில், அவள் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டாள். அதிலும் அவனுக்குப் பொறாமைதான் வந்தது. அந்த நேரத்திலும் பொறாமை வருகிறதே என்று தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மத்தியானத்துக்குள் முடித்துவிட்டாள். எழுத்து பெரியதாகவே இருந்தது, பெட்டிகள் அதற்கேற்ப அகன்றிருந்தன. 'வாங்க' முழுசாகத் தெரிந்தது. பெரியம்மாள் இருவருக்கும் சாப்பாடு போட்டு அனுப்பினார்.

மலை இறங்கி வந்து கச்சிராயப்பாளையத்தில் டீக்கடை ஓரம் பைக்கை நிறுத்தினான். டீயைக் கையில் வாங்கிக்கொண்டு அவள் கேட்டாள்: "எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?"

"பார்த்த உடனே."

"அப்புறம் இன்னாத்துக்கு சைட்டு கோளாறுன்னு சொன்னீங்க?"

பொய் ஒன்றைத் தேடினான். கிடைக்கவில்லை. "நீ தோக்கறதப் பாக்கணும்னு இருந்துது" என்றான். "கொஞ்ச நாளாவே அப்படித்தான் இருக்குது."

நிர்மலா டீயைக் குடித்து முடித்தாள். "எனக்கு ஒண்ணு சரியா வந்தா மொதல்ல உங்ககிட்டதான் காட்டுவேன்" என்றாள். "இனிமே காட்ட மாட்டேன்."

சொன்னபடியே செய்தாள். அடுத்த நாளிலிருந்து கடைக்கு வரவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து வேலை செய்தாள். சோறு போட்டாள், பேச வேண்டியதைப் பேசினாள், வெப்சைட்டைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. பாண்டிச்சேரிக்காரர்கள் வந்து பார்த்துத் தேனுக்கு ஆர்டர் கொடுத்த சேதி, மாயவன் போன் செய்தபோதுதான் செழியனுக்குத் தெரிந்தது. கடையில் அவள் நாற்காலி காலியாக இருந்தது. இப்போது கடைக்கு அவன் ஒருவன்தான் ஆள். அவன் ஆசைப்பட்டதும் இதைத்தான். நாள் பூராவும் ஸ்க்ரூ கழற்றிக்கொண்டு, யாரிடமும் எதையும் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தான்.

மாசக் கடைசியில் தியாகதுருகத்திலிருந்து தெய்வசிகாமணி என்பவர் வந்தார். விதைக்கடை வைத்திருப்பவர். "கடைக்கு ஒரு சைட்டு வேணும். நீங்கதான் பண்ணுவீங்கன்னு சொன்னாங்க" என்றார்.

வழக்கமாக யாராவது இப்படி வந்து கேட்டால் செழியன் "பண்ணிடலாம்" என்பான். யார் பண்ணுவது என்று சொல்ல மாட்டான். இன்றைக்கும் நாக்கில் அதுதான் வந்தது. விழுங்கிக்கொண்டான்.

"எனக்கு அந்த வேலை தெரியாதுங்க" என்றான். "என் வூட்டுக்காரம்மாதான் செய்யறாங்க. வெள்ளிமலைக்காரங்களுக்குப் பண்ணியிருக்காங்க, பாருங்க." போனில் அந்த சைட்டைத் திறந்து அவரிடம் நீட்டினான்.

தெய்வசிகாமணி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "பிரமாதமா இருக்குதே" என்றார். செழியனுக்குள் அந்தப் பழைய எரிச்சல் அப்படியே எழும்பியது. கொஞ்சமும் குறையவில்லை. "ஆமாங்க" என்றான் அவன், எரிச்சலோடேயே. பிறகு நிர்மலாவின் நம்பரை அழுத்தி, போனை அவரிடம் கொடுக்காமல் தன் காதிலேயே வைத்துக்கொண்டான்.

"இன்னாங்க?" என்றாள் அவள்.

"தியாகதுருகத்துலேர்ந்து ஒருத்தர் உன்னைப் பாக்க வந்திருக்காரு. கொஞ்சம் கடைக்கு வரியா?"

அவள் பக்கம் குக்கர் சத்தம் கேட்டது.

"அரிசி வெந்துக்கினு இருக்குது" என்றாள். "எறக்கிட்டு வரேன்."