புளிய விறகும் மனந்திரும்புதலும்

வத்திராயிருப்பு சபையில் உயிர்மீட்சிக் கூட்டம் என்றால் சமையல் ஷீனாவுடையதுதான். ஊரே திரண்டு வந்தாலும் அசராமல் பொங்கிப் போடுகிறவள். ஆனால் இந்த முறை முதல் நாளே அடுப்பு அவள் மானத்தை வாங்கியது.

மலையில் சாரல் பிடித்திருந்தது. சபையார் இறக்கிப் போட்டிருந்த புளிய விறகு அத்தனையும் நனைந்து, தூக்கினால் கை இறங்கும் கனம். நேரமாகிவிடுமே என்ற பதற்றத்தில் ஷீனாவும் அடுப்பு வாய் கொள்ளாமல் விறகைத் திணித்துவிட்டாள். தீ எழும்பவில்லை. புகை எழும்பியது. சமையல் கொட்டகை ஆலயத்தின் மேற்குச் சுவரை ஒட்டி இருந்தது. மலைக்காற்று அந்தப் புகையை அப்படியே வாரிக்கொண்டுபோய் ஜன்னல் வழியாக உள்ளே கொட்டியது.

உள்ளே, ராஜபாளையத்திலிருந்து வந்திருந்த பாஸ்டர் அமிர்தராஜ் மனந்திரும்புதலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். முதலில் பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு ஆண்கள் பக்கமும். பாஸ்டருக்கே கண் கலங்கியது. தன் பேச்சு இப்படி வேலை செய்கிறதே என்று குரலை உயர்த்தினார். அங்கே அவர் குரலை உயர்த்த உயர்த்த, இங்கே ஷீனா ஊதுகுழலை ஊத ஊத, சபை தேம்பித் தேம்பி அழுதது.

புருசன் செத்த அன்றுகூட வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்த ஏசம்மாள், அன்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கண்ணைத் திறக்க முடியாமல், மகள் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்த கையை எட்டிப் பிடித்தாள். அது மதினி ஞானப்பூவின் கை. தோப்பு வரப்புத் தகராறில் இருவருக்கும் பேச்சு நின்று வருசக்கணக்காகிறது. பார்த்தவர்கள் எல்லாம் அல்லேலூயா என்றார்கள். பிடித்த கையை அத்தனை பேர் முன்னால் எப்படி விடுவது?

கூட்டம் முடிந்ததும் சபைச் செயலாளர் ஜெபதுரை கண்ணைத் துடைத்துக்கொண்டே கொட்டகைக்கு ஓடி வந்தார். ஷீனாவுக்கு மாமா முறை.

"ஏட்டி ஷீனா, இப்படியொரு எழுப்புதல நான் பாத்ததே இல்லட்டி! ஒரு ஆளு பாக்கியில்ல, அம்புட்டுப் பேரும் அழுதாக!"

அவர் போகும்வரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள் பாண்டீஸ்வரி. கான்சாபுரத்திலிருந்து காய் வெட்ட வந்தவள்.

"யக்கா, எனக்குந்தான் காலையில இருந்து கண்ணு கொட்டுது. நானும் மனந்திரும்பிட்டேனா, இல்ல வெங்காயமா?"

ஷீனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கண் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தது. சாம்பாரில் புகை நாற்றம். மலைபோல் இருந்த விறகில் பாதி காலி, சோறு வெந்ததோ கடைசி நேரத்தில். ஒரு சமையல்காரிக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்?

மறுநாள் விடிந்ததும் புருசன் மெல்வினைக் கூரைமேல் ஏற்றினாள். அவன் புகைபோக்கிக்குள் கையை விட்டு ஒரு மைனாக்கூட்டை உருவிப் போட்டான். வைக்கோல், சணல், ஜிகினாக் காகிதம் எல்லாம் வந்தன. குஞ்சு ஏதும் இல்லை, பழைய கூடு. ஷீனா அடுப்புச் சாம்பலை வழித்து அள்ளினாள். காற்று ஏற வழியில்லாமல் அடியில் புதைந்து கிடந்த கம்பித் தட்டு அப்போதுதான் வெளியே தெரிந்தது. ஈர விறகை அடுப்புச் சூடு படும்படி சுற்றிச் சாய்த்து வைத்தாள். வீட்டில் தகரத்துக்கடியில் காய்ந்து கிடந்த உடைமர விறகை லோடு ஆட்டோவில் வரவழைத்து, மணிக்கட்டுத் தடிமனுக்குப் பிளக்கச் சொன்னாள்.

"நெருக்கி அடுக்காதட்டி பாண்டி. அதுக்கும் மூச்சு விட எடம் வேணும்லா? நுனி மட்டும் எரியட்டும். எரிய எரியத் தள்ளுனாப் போதும்."

தென்னம்பாளையைக் கொளுத்தி உள்ளே வைத்ததும் தீ நிமிர்ந்து நின்று உறுமியது. புகைபோக்கிக்கு மேலே காற்று நெளிந்தது, அவ்வளவுதான். ஊதுகுழலுக்கு வேலையே இல்லை. ஷீனாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

உள்ளேதான் சிக்கல். பாஸ்டர் நேற்றைவிட உருக்கமாகப் பேசினார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. மலைக்காற்று ஜில்லென்று வீச, முன்வரிசையிலேயே இரண்டு பேர் குறட்டை விட்டார்கள். பாட்டு ஆரம்பித்ததும் ஜெபதுரை கொட்டகைக்கு வந்து நின்றார்.

"என்னட்டி, அடுப்பு எரியுதா இல்லியா?"

"கொதிக்குது பாருங்க மாமா."

"நேத்து கொஞ்சம் புகை வந்துச்சே…"

ஷீனா நிமிர்ந்து பார்த்தாள். மாமாவுக்கு விசயம் விளங்கிவிட்டது என்று அவளுக்கும் விளங்கியது.

"மாமா, அழ வைக்கது பாஸ்டர் சோலி. எனக்குச் சோறு வடிக்கதுதான் சோலி."

"ரெண்டே ரெண்டு ஈரக்கட்ட போடு தாயி. சபைக்காகத்தான கேக்கேன்!" என்றவர், அவள் தடுப்பதற்குள் தானே கட்டைகளை எடுத்துத் திணித்துவிட்டார். குப்பென்று புகை கிளம்பியது. ஷீனா பாய்ந்து ஒன்றை வெளியே இழுத்தாள். இன்னொன்றை அவர் விடவில்லை. இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போது, தண்ணீர் குடிக்க வந்த பாஸ்டர் வாசலில் நின்று இருமினார்.

கட்டையைப் பார்த்தார். ஜெபதுரையைப் பார்த்தார். கண்ணைக் கசக்கினார்.

"ஏம்மா, நேத்தும் இதானா?"

ஷீனாவுக்குப் பொய் வரவில்லை. "ஆமா பாஸ்டர். விறகு நனைஞ்சிட்டு. பொகக்கூண்டுல மைனா கூடு கட்டியிருந்துச்சு."

அவர் முகம் சுருங்கியது. அழப்போகிறாரோ என்று ஷீனா பயந்தாள். அவரோ தூணைப் பிடித்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். நேரே உள்ளே போய், மைக்கைப் பிடித்து, நேற்று நடந்ததைச் சபைக்கு முன்னால் போட்டு உடைத்தார். கூரை அதிரும் சிரிப்பு. தூங்கியவர்கள் விழித்து, என்ன என்று கேட்டுவிட்டு அவர்களும் சிரித்தார்கள்.

எல்லாருடைய பார்வையும் ஏசம்மாள் பக்கம் திரும்பியது. அவள் எழுந்தாள்.

"பொகையிலதான் புடிச்சேன். அதுக்காக இப்ப விட்ருவனா? மதினி கை என்னமா மெலிஞ்சு போச்சு! அத மொத கவனிக்கணும்."

ஞானப்பூ நகர்ந்து இடம் விட்டாள். அவள் கண்ணில் நீர் கோத்திருந்தது. ஆலயத்துக்குள் அப்போது துளிப் புகை இல்லை.

சாப்பாடு சீக்கிரமே தயாராகிவிட்டதால் பாஸ்டர் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டார். சபையார் அதற்கும் அல்லேலூயா சொன்னார்கள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அவர் ஷீனாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ராஜபாளையத்துல எங்க வீட்ல வெந்நீர் அடுப்பு ஒண்ணு இருக்கும்மா. என் வீட்டுக்காரி தெனமும் காலையில கண்ணு செவந்துதான் வாரா. ஜெபத்துல அழுதுட்டு வாரான்னு நான் பெருமையா நெனச்சிட்டிருக்கேன். நீ ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்."

"வாரேன் பாஸ்டர்," என்றாள் ஷீனா. "ஆனா அக்காட்ட நீங்களே கேட்டுட்டா நல்லது. அடுப்பாத்தான் இருக்கும்னு சொல்ல முடியாதுல்லா?"