துண்டு போட்ட இடம்

என் துண்டு மூன்றாவது தடவையாகக் கவுன்சிலர் ஆகிவிட்டது என்ற செய்தி சூரத்தில் எனக்குக் கிடைத்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒருவன் எத்தனை காலம்தான் தன் துண்டைத் தனியாக விட்டுவைப்பது? மில்லில் லீவு சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்பினேன்.

நீலக்கோடு போட்ட சாதாரண ஈரிழைத் துண்டு அது. செவல்குறிச்சி ஹாக்கிப் போட்டியின் இறுதி ஆட்டத்தன்று, இடைவேளையில், கேலரியில் என் இடத்தில் அதைப் போட்டுவிட்டு எழுந்தேன். பக்கத்தில் என் அண்ணன் ஐயாத்துரை உட்கார்ந்திருந்தான்.

"பாத்துக்கண்ணே, டீ குடிச்சுட்டு வந்துடுறேன்" என்றேன்.

"சீக்கிரம் வாலே. நீ வந்துதான் நான் போவணும்" என்றான் அண்ணன்.

டீக்கடையில் வரிசை இருந்தது. கடைசியில் போய் நின்றேன். வரிசை மெல்ல நகர்ந்து பஸ் ஸ்டாண்டுக்குள் போனது. பிறகு ஒரு பஸ்ஸில் ஏறியது. பஸ்ஸிலிருந்து இறங்கி ரயிலில் ஏறியது. விலகினால் இடம் போய்விடுமே என்று நானும் கூடவே ஏறினேன். டீ சூரத்தில்தான் கிடைத்தது. நல்ல டீ. கிளாஸைக் கீழே வைத்தபோது ஒருவர் வந்து என்னை நூல் மில்லில் சேர்த்துவிட்டார்.

ஊருக்குத் திரும்பக் கூடாது என்று இல்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் கிளம்பத்தான் செய்வேன். இடைவேளை இன்னும் முடியவில்லை என்று சேதி வரும். இடைவேளை முடிவதற்குள் போனால் போதுமே என்று பையைத் திரும்பப் பரணில் வைத்துவிடுவேன்.

ஊர் மாறியிருந்தது. மாறியிருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் வந்தேன். ஆனால் முன்பு ஊருக்குள் மைதானம் இருந்தது, இப்போது மைதானத்துக்குள் ஊர் இருந்தது. பஸ் இரண்டு கோல் கம்பங்களுக்கு நடுவே நுழைந்தது. பஸ்ஸில் பாதிப் பேர் கை தட்டினார்கள். மீதிப் பேர் செல்லாது என்றார்கள். டிரைவர் இரண்டு தரப்பையும் கண்டுகொள்ளவில்லை.

"இருவத்தஞ்சு கெசக் கோடு எறங்கு" என்றார் கண்டக்டர்.

இறங்கும்போது அவரிடம் கேலரிக்கு வழி கேட்டேன்.

"வடக்கா தெக்கா?"

"ஹாக்கி பாக்க வந்தேன்."

"அதத்தான் கேக்கேன். வடக்கா தெக்கா?"

வடக்குக் கேலரி ஒரு கட்சியாகவும் தெற்குக் கேலரி இன்னொரு கட்சியாகவும் ஆகியிருந்தன. சுவர் முழுக்க விளம்பரம். 'இரண்டாம் பாதி விரைவில்' என்று வடக்கு எழுதியிருந்தது. 'இரண்டாம் பாதி உறுதி' என்று தெற்கு எழுதியிருந்தது. இரண்டையும் ஒரே பெயின்டர்தான் எழுதியிருக்க வேண்டும். 'பாதி'யில் வரும் 'தி' இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி சாய்ந்திருந்தது.

ஹாக்கி ரசிகனுக்கு அரசியல் சீக்கிரம் அலுத்துவிடும். நாங்கள் எங்கள் அணியைத்தான் அதிகம் ஏசுவோம். கோல்கீப்பர் பந்தை விட்டுவிட்டால் அவன் வீட்டு வாசல்வரை போய் ஏசுவோம், அவன் அம்மா மோர் கொடுத்தால் குடித்துவிட்டு வருவோம். கட்சிக்காரன் அப்படியில்லை. அவன் கோல்கீப்பர் விட்டால் பந்தை ஏசுவான். அது போகட்டும். மைதானத்தில் எவ்வளவு பெரிய சண்டை நடந்தாலும் பந்து எங்கே கிடக்கிறது என்று நாலு பேருக்காவது தெரியும். செவல்குறிச்சியில் அன்று வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் பந்து எங்கே என்று கேட்டேன். ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஒரு அம்மாள் குழந்தையைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.

தெரிந்த முகம் என்று பார்த்தால் செல்லையா மட்டும்தான். அந்தக் காலத்தில் ஸ்கோர் போர்டில் எண் மாட்டுகிறவர். இப்போது அவரே போர்டாக ஆகியிருந்தார். வலது தோளில் ஒரு இரண்டு தொங்கியது, இடது தோளில் ஒரு இரண்டு.

"சௌக்கியமா செல்லையாண்ணே?"

"ரெண்டுக்கு ரெண்டு" என்றார்.

"வீட்ல எல்லாரும்?"

"ரெண்டுக்கு ரெண்டு" என்றார். குரலில் குறை எதுவும் இல்லை.

கேலரி வளர்ந்திருந்தது. ஏற ஏறப் படி வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு படியும் ஒரு தெரு. வீடுகள், மருந்துக் கடை, ரேஷன் கடை, எல்லாம் மைதானத்தைப் பார்த்தே இருந்தன. பெண்கள் மைதானத்தைப் பார்த்தபடியே தோசை சுட்டார்கள். ஒரு கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை மைதானத்தைப் பார்த்துக்கொண்டே தாலி கட்டினார், கை சரியாகத்தான் போனது. கீழே ஆட்டக்காரர்கள் நரைத்த தலையோடு வட்டமாக உட்கார்ந்து ஆரஞ்சுச் சுளை சப்பிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அம்பயர் ஜேசுமணி சார் நின்றார். விசில் அவர் கையில் இருந்தது, வாயில் இல்லை.

என் இடம் இரண்டு கேலரியும் ஒன்று சேரும் முக்கில் இருந்தது. அங்கே கவுன்சிலர் அலுவலகம் என்று பலகை மாட்டியிருந்தார்கள். வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். என் வயது இருக்கும். கவுன்சிலரின் உதவியாளர் என்றும் பெயர் பிரேமாவதி என்றும் சொன்னாள்.

"கவுன்சிலரப் பாக்கணுமா?"

"அது என் துண்டு."

"இருக்கட்டும். செருப்பக் கழட்டிட்டு வாங்க."

"கவுன்சிலர் பேசுமா?"

"பேச மாட்டாக. அதனாலதான் மூணு தடவ ஜெயிச்சாக."

"வேற என்ன செய்யும்?"

"எடம் புடிச்சு வச்சிருக்காக. மத்த கவுன்சிலருக மட்டும் வேறென்ன செய்யிறாக?"

இதில் அதிசயம் எதுவும் இல்லை. இடம் பிடித்துப் போட்ட துண்டை எடுக்கிற பழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. கொலைக்கு அஞ்சாதவனும் பஸ் சீட்டில் துண்டு கிடந்தால் மதுரைவரை நின்றுகொண்டே வருவான். அந்த முக்கு எங்களுக்குத்தான் என்று வடக்கும் தெற்கும் அடித்துக்கொண்டபோது, அங்கே ஏற்கெனவே ஒருவர் இருக்கிறாரே என்று யாரோ துண்டைக் காட்டியிருக்கிறார்கள். எதிர்த்து நிற்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. அன்றிலிருந்து கட்சி மாறாத ஒரே கவுன்சிலர் என்ற நல்ல பெயர் அதற்கு.

"எங்க அண்ணன் எங்க இருக்காரு?" என்றேன்.

"உள்ளதான். அவுக எந்திரிச்சதே இல்ல." அவள் மைதானத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவுகளுக்குப் பேசுன பொண்ணக்கூட இங்கயே கூட்டியாந்துதான் காட்டுனாங்க. பொண்ணு உக்கார எடம் இல்ல. பக்கத்துல இந்த ஒரு எடம்தான். ஆள் இருக்குன்னுட்டாக."

"அந்தப் பொண்ணு என்ன ஆச்சு?"

"இந்த வேல கெடச்சுது" என்றாள் பிரேமாவதி. "நின்னுக்கிட்டே பாக்குற வேல."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. செருப்பைக் கழற்றினேன். ஒன்று சீக்கிரம் கழன்றது, ஒன்று கழலவில்லை.

அண்ணன் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். தலை பஞ்சாக வெளுத்திருந்தது. இடது கை துண்டின்மேல் இருந்தது. துண்டின் நீலக்கோடு கொஞ்சமும் சாயம் போகவில்லை. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஆள் இருக்கு" என்றான், என்னைப் பார்க்காமல்.

"அண்ணே, நான்தான்."

"என் தம்பி எடம் இது. டீ குடிக்கப் போயிருக்கான்."

"நான்தாண்ணே சௌந்தரபாண்டி."

அண்ணன் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தான். "என் தம்பிக்கு இம்புட்டு வயசு கெடையாது. டீ குடிக்க எம்புட்டு நேரமாவும்? அதுக்குள்ள எப்படி வழுக்க விழும்?"

நியாயமான கேள்வி. வழுக்கையைத் தடவிக்கொண்டேன்.

"சரி. நம்ம ரெண்டாவது கோல் எப்படி விழுந்துச்சு? சொல்லு பாப்போம்" என்றான்.

"பெனால்டி கார்னர். புல் பேக் அடிச்சான். பந்து பலகையில டம்முனு விழுந்துச்சு."

"அது கோலா?"

"கோல்தான்."

"பந்து அதுக்கு முன்னால நம்மாளு கால்ல பட்டுச்சுலே. அது எப்படிக் கோலு?"

"கால்ல படல. தூசி பறந்துச்சு. ஒனக்குக் கண்ணு தெரியாது."

"கண்ணு தெரியாதவன் யாரு? மடப்பயலே, அன்னைக்கும் இதத்தான் சொன்ன." அண்ணன் நிறுத்தினான். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மைதானத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான். "டீ குடிச்சியா?"

"குடிச்சேண்ணே."

"நல்லாருந்துச்சா?"

"நல்லாருந்துச்சு."

வழியெல்லாம் பேசுவதற்கு எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன், ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"நீ பஸ் ஏறுனத இங்க இருந்தே பாத்தேன்" என்றான்.

"ஒரு சத்தம் குடுத்திருக்கலாமே."

"எந்திரிச்சு நின்னாத்தான கேக்கும். எந்திரிச்சா ஒன் எடத்த யாரு பாக்குறது?"

துண்டை எடுக்கக் குனிந்தேன். அப்போதுதான் சேர்மன் ஓடிவந்தார். அவர் வடக்கு. தெற்கின் தலைவரும் கூடவே வந்தார். இருவரும் ஒரே மாலையின் இரண்டு முனையைப் பிடித்திருந்தார்கள்.

"அண்ணாச்சி, கொஞ்சம் பொறுங்க" என்றார் சேர்மன். "உக்காந்துறாதீக."

"என் எடம்தான?"

"யாரு இல்லேன்னா? ஒங்க எடம்தான். நீங்க வாரதுக்குத்தான் ஜேசுமணி சார் விசில் ஊதாம நிக்காரு. நீங்க உக்காந்தா இடைவேள முடிஞ்சுரும். முடிஞ்சா ஆட்டம் நடக்கும்."

"நடக்கட்டுமே."

"நடந்தா யாராச்சும் ஒரு ஆள் தோப்பாக" என்றார் தெற்குத் தலைவர். "இப்ப நாங்க ரெண்டு பேருமே ஜெயிச்சிருக்கோம்."

"இரண்டாம் பாதி விரைவில்னு சொவத்துல எழுதியிருக்கே?"

"அது சொவரு" என்றார் சேர்மன்.

அவர் சட்டைப் பையில் ஏதோ உருண்டையாகப் புடைத்துக்கொண்டிருந்தது. பந்தா என்று கேட்டேன். கொய்யாப்பழம் என்றார். ஆட்ட வேளையில் ஒரு ரசிகனிடம் பொய் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும், அது அவரிடம் நிறைய இருந்தது.

"நான் ஹாக்கி பாக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

இடம் எனக்குச் சரியாக இருந்தது. அண்ணனின் தோள் என் தோளில் இடித்தது. இதற்குத்தான் வந்தேன். வேறு எதற்கும் வரவில்லை. அவ்வளவு சந்தோஷம் சூரத்தில் ஒருநாளும் இருந்ததில்லை.

கீழே ஜேசுமணி சார் தலையை நிமிர்த்திக் கேலரியை ஒரு முறை நோட்டம் விட்டார். எந்த இடத்திலும் துண்டு கிடக்கவில்லை. விசிலை வாயில் வைத்தார். தோசைக் கரண்டிகள் நின்றன. கல்யாண மேளம் நின்றது. ஆட்டக்காரர்கள் சுளையைத் துப்பிவிட்டு எழுந்தார்கள். முட்டிகள் சொடுக்கும் சத்தம் எங்கள் படிவரை கேட்டது. சேர்மன் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அண்ணன் எழுந்தான்.

"எங்கண்ணே?"

"நீ வந்துதான நான் போவணும்னு சொன்னேன்." ஒரு கையால் என் தலையைப் பிடித்துக்கொண்டு காலை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தான். தன் தோளில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்து, நன்றாக உதறி, உட்கார்ந்திருந்த இடத்தில் சுருக்கம் இல்லாமல் விரித்தான். "பாத்துக்கடா. டீ குடிச்சுட்டு வந்துடுறேன்."

"அண்ணே, வரிசை கொஞ்சம் நீளமா இருக்கும்."

"தெரியும்லே" என்றான் அண்ணன். "இத்தன நாளா இங்க இருந்து அதத்தான பாத்துக்கிட்டு இருக்கேன்."

படி இறங்கிப் போனான். ஜேசுமணி சார் சிவப்புத் துண்டைப் பார்த்தார். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். ஆட்டக்காரர்கள் மறுபடி உட்கார்ந்து புது ஆரஞ்சு உரித்தார்கள். மேளம் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. சேர்மனும் தெற்குத் தலைவரும் கையில் இருந்த மாலையைச் சிவப்புத் துண்டுக்குப் போட்டு இரண்டு பக்கமும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கவுன்சிலர் பதவி ஒருநாளும் காலியாக இருக்கக் கூடாதாம்.

மேலிருந்து பார்த்தால் எல்லாம் தெரிந்தது. டீக்கடை தெரிந்தது. வரிசையின் கடைசியில் வெள்ளைத் தலை தெரிந்தது. வரிசை மெல்ல நகர்ந்தது. சத்தம் கொடுக்கலாம் என்று நினைத்தேன். எழுந்து நின்றால்தான் கேட்கும்.

பஸ் புறப்பட்டுக் கோல் கம்பங்களைத் தாண்டிப் போனது. பாதிப் பேர் கை தட்டினார்கள்.

பிரேமாவதி உள்ளே வந்தாள். பஸ் போன திசையைப் பார்த்தாள். பிறகு சிவப்புத் துண்டைப் பார்த்தாள். அவள் பாதங்கள் வீங்கியிருந்தன. என் இடத்தைக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். நான் எழுந்துவிட்டால் அண்ணன் இடத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

"இங்க கொஞ்சம் உக்காரலாமா?" என்றாள்.

நான் வலது கையைச் சிவப்புத் துண்டின்மேல் வைத்தேன். சூடு ஆறாமல் இருந்தது.

"ஆள் இருக்கு" என்றேன்.