கழுத்து மட்டும் தெரிந்த பாட்டு

முகம் தெரியாது என்று படம் பிடிக்க வந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அதனால்தான் செசீலியா சம்மதித்தாள்.

சுவிஸில், துன் நகரத்து ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகள் வந்து குவியும் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. 1987 மாசியில் சூரிச்சிலிருந்து ஒரு பாட்டுக்குழு அங்கே வந்து இறங்கியது. ஒரு பாடகன், கீபோர்ட் வாசிக்க இரண்டு பேர், கமெராக்காரர்கள். மேளத்துக்கு ஆள் இல்லை. அதையும் மெசினே அடித்தது. பாட்டுக்கு எடுக்கிற படத்தில் புகை வேண்டுமாம், இங்கே நீராவி சும்மா கிடைக்கிறதாம். பாடகன் கண்ணுக்கு மை பூசி, தோளில் பஞ்சு வைத்த கோட்டுப் போட்டு, ஈர விரிப்புகளுக்கு நடுவே நின்று ஜேர்மனில் பாடினான்.

கூட வேலை செய்யும் இத்தாலிக்காரி கிரசியெல்லா, பாட்டை உடைந்த ஜேர்மனிலும் கைச்சாடையிலுமாக விளங்கப்படுத்தினாள். காதலி விட்டுவிட்டுப் போகிறாள். அவன் கேட்கிறான்: எங்கே போனாய்? யாரோடு போனாய்? உன் தலை ஏன் நனைந்திருக்கிறது? செசீலியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் புருசன் அம்புறோஸ் பின்னேரங்களில் வாசலில் வைத்துக் கேட்கிற கேள்விகள் அவை. வரிசைகூட மாறவில்லை.

சூடான இரண்டு உருளைகள் ஈர விரிப்பை உள்ளே இழுத்து, அழுத்தி, காயவைத்து மறுபக்கம் தள்ளும். குனிந்து விளிம்பைக் கொடுப்பது அவள் வேலை. கழுத்தில் தொங்குவது முதலில் உள்ளே போகும், பிறகு ஆள் போவாள். சேர்ந்த அன்றைக்கே பொறுப்பாளி பிரௌ ஸ்ரெட்லர் தன் கழுத்தைத் தானே பிடித்து இழுத்துக் காட்டினாள். அதற்குப் பாஷை தேவைப்படவில்லை. அன்றிலிருந்து செசீலியா காலையில் தாலிக்கொடியைக் கழற்றிச் சுவர்க் கொழுக்கியில் மாட்டுவாள், வேலை முடிந்ததும் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவாள். அம்புறோஸுக்குச் சொல்லவில்லை. சொன்னால் வேலைக்கு விடமாட்டான்.

அவள் கொடியைக் கழற்றுவதைக் கமெராக்காரன் கண்டுவிட்டான். இன்னொரு தரம் கழற்றச் சொன்னான். பின்பக்கமாக, கழுத்தும் கையும் கொழுக்கியும் மட்டும். விட்டுப் போகிறவள் ஆபரணத்தைக் கழற்றி வைக்கிறாள் என்று அவனுக்குக் கணக்கு. வெள்ளைக்காரனுக்கு முகம்தான் ஆள். நம்முடைய சனம் அப்படியா? கோயிலிலோ கலியாண வீட்டிலோ ஒருத்தியைக் கண்டால் கண் கழுத்துக்குப் போய்விட்டுத்தான் முகத்துக்கு வரும். செசீலியா அதை யோசிக்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து, ஞாயிறு பூசை முடிந்து வந்த மத்தியானம், குலேந்திரனும் மனைவி யசோதராவும் சாப்பிட வந்திருந்தார்கள். குலேந்திரன் அம்புறோஸோடு ஒரே உணவகக் குசினியில் கோப்பை கழுவுகிறவன். வாடகைக்கு எடுத்த வீடியோ டெக்கில் படம் போடுவதற்காக அம்புறோஸ் தொலைக்காட்சியைத் திருகிக்கொண்டிருந்தான். திடீரென்று துள்ளினான்.

"உந்தப் பாட்டுத்தான்! எங்கட குசினி ரேடியோவில போறது. குலேந்திரன், சத்தத்தைக் கூட்டடாப்பா!"

அடுப்படியில் செசீலியாவின் கை நின்றது.

"இஞ்சேருங்கோ, உதை நிப்பாட்டுங்கோ. கறி ஆறுது."

"பொறுமப்பா, ஒரு பாட்டுத்தானே."

"உவன் ஆம்பிளையோ பொம்பிளையோ அண்ணை?" என்றான் குலேந்திரன். "கண் மையைப் பாருங்கோ. என்ர மனுசியை விட வடிவாப் பூசியிருக்கிறான்."

"அப்ப உவனையே கட்டியிருக்கலாமே," என்றாள் யசோதரா.

எல்லோரும் சிரித்தார்கள். அம்புறோஸ் தொடையில் தாளம் போட்டான். திரையில் ஆவி விலகியது. ஒரு பெண்ணின் முதுகு வந்தது, ஒதுக்கிப் போட்ட பின்னல் வந்தது, கறுத்த கழுத்து வந்தது. இரண்டு கைகள் கொடியைக் கழற்றிக் கொழுக்கியில் மாட்டின. கமெரா கிட்டப் போய், புறா பொறித்த கத்தோலிக்கத் தாலியிலேயே நின்றது.

"ஐயோ, இது எங்கட ஆள்!" என்று யசோதரா எழும்பினாள். "புறாத் தாலி. வேதக்காரற்ற. அக்கா, உங்கட கொடி மாதிரியே…"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிந்திவிட்டது. மூன்று பேரும் செசீலியாவின் கழுத்தைப் பார்த்தார்கள்.

அம்புறோஸ் தொலைக்காட்சியை நிறுத்தவில்லை. பாட்டு முடியும்வரை இருந்து பார்த்தான். பிறகுதான் திரும்பினான்.

"ஆர் கழட்டினது?"

"நான்தான்."

"ஆர் கழட்டச் சொன்னது? உந்த மை பூசினவனோ?"

"அவனில்லை. மெசினுக்காகக் கழட்டுறனான். ஒவ்வொரு நாளும்."

அன்றைக்கு ஒருநாள் மட்டும் என்று சொல்லியிருந்தால் சண்டை சின்னதாக முடிந்திருக்கும். அவளுக்குப் பொய்யைக் காவிச் சுமந்து களைத்துவிட்டது.

"ஒவ்வொரு நாளுமோ?" அவன் குரல் தணிந்தது. அவளுக்கு அதுதான் பயம். "நான் செத்தாக் கழட்டிறதை நீ தினம் விடியக் கழட்டிறாய். கழட்டிப்போட்டு ஊருக்குக் காட்டுறாய்."

"அண்ணை, மெசின் வேலை எண்டா…"

"நீ பொத்து, குலேந்திரன். செசீலியா, நாளைக்கு நீ வேலைக்குப் போகேல்லை."

"போகாட்டி? உங்கட ஒரு சம்பளத்தில இந்த வீடு நிக்குமோ? திரும்ப அகதிக் காம்பில போய்க் கிடப்பமோ, ஒரு அறைக்குள்ள ஆறு பேரோட?"

விருந்தாளிகள் சாப்பிடாமலே கோட்டைத் தேடினார்கள். கதவு சாத்தியபின் அம்புறோஸ் சொன்னான்:

"அப்ப நான் வந்து பாக்கிறன்."

திங்கட்கிழமை அவன் வந்தான். பிரௌ ஸ்ரெட்லர் அவனை உள்ளே விடவில்லை. பக்கத்து யன்னலுக்கு வெளியே, கரைந்து சேறான பனியில் நின்றான். செசீலியா அவன் பார்க்கவே கொடியைக் கழற்றி மாட்டினாள். உருளைகள் விரிப்பை எப்படி இழுக்கின்றன என்பதைப் பார்த்துவிட்டுப் போய்விடுவான் என்று நினைத்தாள். அவன் உருளையைப் பார்க்கவேயில்லை. மூட்டை ஏற்ற வந்த வான்காரனைப் பார்த்தான். அவன் எங்கே நிற்கிறான், எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று பார்த்தான். தன்னுடைய வேலை தொடங்கும் நேரம் வந்ததும் போனதும் அம்புறோஸுக்கு உறைக்கவில்லை.

பின்னேரம் குலேந்திரன் ஒரு பிளாஸ்டிக் பையோடு வீட்டுக்கு வந்தான். உள்ளே அம்புறோஸின் ஏப்ரனும் ரப்பர் சப்பாத்தும் இருந்தன.

"சொல்லாமல் நிண்டிட்டியள் அண்ணை. இண்டைக்குப் பாத்து ரெண்டு பஸ் சனம். தனியக் கழுவி என்ர கை வெந்துபோச்சு. முதலாளி இனி வரவேண்டாமாம்."

அம்புறோஸ் பையை வாங்கிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினான். செசீலியா சோறு போட்டாள். வேலைக்குப் போகாதே என்ற பேச்சு அன்றிரவு அந்த வீட்டில் எழவில்லை. எழ முடியாது. இப்போது அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. இத்தோடு ஓய்ந்தது என்று அவள் நம்பினாள்.

மறுநாள் யன்னலில் அவன் நின்றான். போவதற்கு வேறு இடம் இல்லாதவனாக, நேற்றையதைவிடக் கிட்ட நின்றான். கண்ணாடியில் அவன் மூச்சுப் படிந்தது. கிரசியெல்லா முதலில் சிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை. செசீலியாவின் விரல் உருளைக்கு அண்மையில் தடுமாறியது. ஒரு கணம்தான். சூடு நகத்தைத் தொட்டது.

அவள் போய் யன்னலைத் திறந்தாள்.

"வேலை தேடப் போகேல்லையோ?"

"தாலியைப் போடு. போறன்."

"போட்டா உருளை இழுக்கும்."

"உந்த வான்காறன் ஏன் உன்ர பக்கத்தில மூட்டையை வைச்சவன்?"

இதற்குப் பதில் சொன்னால் இன்னொன்று வரும். அதற்கும் சொன்னால் அடுத்தது. அவள் எரிந்த விரலை வாயில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். தாடி வளர்ந்திருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. பாவம் என்று ஒரு நினைப்பு வந்தது. அதை அவள் விழுங்கினாள்.

"நீங்கள் நிக்கிறதால என்ர கை மெசினுக்குள்ள போகப் பாத்தது. நான் பின்னேரம் வீட்டதான் வருவன். நம்பினா நம்புங்கோ. நம்பாட்டி இதில நில்லுங்கோ, விறையுங்கோ. ஆனா இனி என்னைப் பாக்கேலாது."

யன்னலைச் சாத்தினாள். தள்ளுவண்டியிலிருந்து இரட்டைக் கட்டில் விரிப்பொன்றை உருவி, யன்னலுக்கு மேலே ஓடிய வெந்நீர்க் குழாயில் எறிந்தாள். கிரசியெல்லா கேளாமலே மற்ற முனையைப் பிடித்து யன்னல் மறைய இழுத்துவிட்டாள். வெளியே அவன் கண்ணாடியில் தட்டினான். பெயர் சொல்லிக் கூப்பிட்டான். மறுபடி தட்டினான்.

உருளைகள் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தன. செசீலியா ஓடிப்போய் அடுத்த விரிப்பின் விளிம்பைப் பிடித்துக் கொடுத்தாள்.