ஓக் குற்றிக்குள் இருந்த நாள்

கலாதேவி பிளந்த முதல் ஓக் குற்றிக்குள் மழை இருந்தது. கோடரி இறங்கியதும் வெளியே வந்து அவர்களுடைய முற்றத்தில் மட்டும் இருபது நிமிடம் பெய்து ஓய்ந்தது. பக்கத்து வீட்டு ஹெல்லர் அம்மாவின் கொடியில் கிடந்த துணிகளில் ஒரு துளியும் படவில்லை. அது மே மாதம். வானம் வெளித்திருந்தது.

டார்ம்ஸ்டாட் நகருக்குக் கிழக்கே உள்ள அந்தச் சிற்றூரின் மயான மதிலோரம் நின்ற மரம் அது. பெப்ரவரிப் புயலில் சாய்ந்தபோது, ஏற்றிப்போகக்கூடியவர்கள் எடுக்கலாம் என்றார்கள். மோட்டார் வாள் பிடிக்க அத்தாட்சிப் பத்திரம் வேண்டும். அந்தப் பயிற்சிக்கு அவள் கணவர் இராசலிங்கம் மூன்று தரம் டெர்மின் எடுத்து, குறித்த நாளில் மூன்று தரமும் போகவில்லை. ஆகவே கைவாளும் கோடரியும்தான். தோள் நோகிறதென்று சொல்லி அவர் கோடரியையும் தொடவில்லை.

"வேற மரம் கிடைக்கேல்லையோ?" என்று மட்டும் கேட்டார்.

நாலாவது குற்றியிலிருந்து ஆலங்கட்டி கொட்டியபோது அவளுக்கு விளங்கியது. அவர்களுடைய முதல் காரின் கண்ணாடியை உடைத்த அதே ஆலங்கட்டி, முட்டையளவு. அந்த மரம் தான் நின்ற நாட்களை உள்ளே வைத்திருந்தது. குற்றிக்கு ஒரு நாள், ஆனால் வரிசையில்லாமல். அன்றிலிருந்து கலாதேவி விறகுக்காகக் கொத்தவில்லை. அவளுக்கு ஒரேயொரு நாள் வேண்டியிருந்தது.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஜனவரியில் அவளுடைய முதற் பிள்ளை பதினொரு நாள் இருந்துவிட்டுப் போனது. பிள்ளைப்பேற்றுத் துடக்கு கழியாதவள் சுடலைக்குப் போகக் கூடாது, பெண்கள் போவதே வழக்கமில்லை என்று டுசல்டோர்ஃபிலிருந்து சொந்தக்காரப் பெரியவர்கள் போனில் சொன்னார்கள். இராசலிங்கம் தனியாக அந்தச் சின்னப் பெட்டியை ஓக் நின்ற அந்த மயானத்துக்குக் கொண்டுபோனார். இருட்டிய பிறகு வந்து, "பஸ் பிந்திப்போச்சு" என்றார். அவள் படுத்திருந்த அறையில் யன்னல் இல்லை. வெளியே எப்படியிருந்தது என்று அவள் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. அதன்பிறகு பெய்த ஒவ்வொரு மழையும் அவளுக்கு அந்தப் பெட்டியின் மேல்தான் பெய்தது. குழிக்குக் கொடுக்கப்பட்ட இருபது வருடத் தவணை முடிந்து அதன் மேல் புல் விதைக்கப்பட்ட பின்னும் பெய்தது.

முதியோர் இல்லத்துச் சமையலறை வேலை முடிந்து வந்து தினமும் கொத்தினாள். நடுவிலிருந்து ஓடும் வெடிப்பைப் பார்த்து அதன்மேல் கோடரியைப் போட்டால் ஓக் தானாக வழிவிடும். மூடுபனிகள் வந்தன. இலையுதிர்காலக் காற்றுகள் வந்தன. ஒரு ஜூலை வெயில் வந்து தக்காளியைக் கருக்கிவிட்டுப் போனது. பச்சை ஓக்கின் சாறு இரும்பில் பட்டு அவள் உள்ளங்கைகள் கருநீலமாயின. தபால்காரர் எந்நேரமும் குடையோடு வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோடரிச் சத்தம் கூடாது என்பதைத் தவிர ஊருக்கு வேறு முறைப்பாடு இருக்கவில்லை.

"போனில வானிலை பாக்கிறதோ, அம்மான்ர விறகைப் பாக்கிறதோ?" என்று விடுமுறையில் வந்த மகள் தேனுஜா கேட்டாள்.

"சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியில வா. அது போதும்."

ஆகஸ்ட் கடைசியில் ஏழு குற்றிகள் மிஞ்சின. வேலையால் வந்தவள், இராசலிங்கம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கராஜின் பின்பக்கம் போவதைக் கண்டாள். நோகும் தோளில்தான் வைத்திருந்தார்.

"அதை ஏனப்பா எடுக்கிறியள்?"

"இது முழுக்க முடிச்சு. பிளக்க ஏலாது."

"வையுங்கோ."

வைத்தார். அவள் தொட்டுப் பார்த்தாள். அந்த வெயிலிலும் குற்றி குளிர்ந்து கிடந்தது. முடிச்சு ஒன்றையும் காணவில்லை.

மூன்று அடியில் பிளந்தது. மழை வரவில்லை. முற்றம் முழுக்க வெண்பனி, முதல்நாளே பெய்து முடித்ததுபோல் அசையாமல் கிடந்தது. காற்றில்லை. சூடில்லாத வெயில் பனியின் மேல் பட்டு எல்லாமே வெளிச்சமாயிருந்தது. அவ்வளவு அழகான ஒரு நாளை அவள் கண்டதில்லை. அவளுக்கு மூச்சு எடுக்கப் பயமாயிருந்தது. பிறகு படலையடியிலிருந்து காலடிகள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. ஓர் ஆணின் சப்பாத்து, இடது குதி தேய்ந்தது. எதையோ குலுங்காமல் கொண்டுபோகிறவனின் சின்னச் சின்ன எட்டுகள். மூலையில் இரண்டு முழங்கால்கள் பதிந்தன. காலடிகள் அங்கிருந்து திரும்பவில்லை. மரம் நிற்கும் அளவு இடத்தை நடுவில் விட்டுச் சுற்றின. கீழே மண் தெரியுமட்டும் சுற்றிச் சுற்றி நடந்தன.

"பஸ் பிந்தினது எண்டல்லோ சொன்னியள்," என்றாள்.

"பஸ் எல்லாம் நேரத்துக்கு வந்தது," என்றார் இராசலிங்கம். "நான்தான் ஏறேல்லை."

கலாதேவி செருப்பைக் கழற்றிவிட்டு முதலாவது காலடிக்குள் காலை வைத்தாள். ஒவ்வொன்றாக மிதித்து மூலைவரை போனாள். அங்கே குனிந்து, முழங்கால் பதிந்த இடத்தில் நீலக் கையை வைத்தாள். பிறகு சுற்றத் தொடங்கினாள். மூன்றாவது சுற்றில் அவரும் வந்து சேர்ந்தார்.

பொழுதுபட அந்த நாள் கரைந்தது. பிளந்த துண்டுகளை மற்றவற்றோடு பட்டை மேலே பார்க்க அடுக்கினார்கள். ஓக் காய இரண்டு வருடம் எடுக்கும். மூன்றாவது மாரிக் குளிரில் அவையும் எரிந்தன, நல்ல சூடு. மூலையிலுள்ள அந்த வட்டத்தில் புல் முளைப்பதில்லை. புல் வெட்டும்போது இராசலிங்கம் மெசினை அதைச் சுற்றிக் கொண்டுபோகிறார். அவர்கள் ஊரில் இல்லாத கிழமைகளில் வெட்டிக்கொடுக்கும் ஹெல்லர் அம்மாவும் அப்படித்தான் செய்கிறார்.