பதினெட்டாயிரம் அடியில் ஒரு சமையலறை

பட்டாபிராமில் தட்சிணாமூர்த்தியின் வீட்டில் 1971 டிசம்பரிலிருந்து இட்லி வேகவில்லை. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும், ஆவி வரும். மூடியைத் திறந்தால் குழியில் மாவு மாவாகவே இருக்கும். மகனைப் பறிகொடுத்த துக்கத்தில் அவருடைய அம்மாவுக்குக் கை மறந்துவிட்டது என்று பன்னிரண்டு வருடம் சொன்னார்கள். அதன்பிறகு மங்களம் மருமகளாக வந்தாள், அவளுக்குக் கை வரவில்லை என்றார்கள். விறகு போய் மண்ணெண்ணெய் வந்தது, கேஸ் வந்தது. குக்கர் வந்ததும் சாதமும் பருப்பும் தப்பித்தன, இட்லி தப்பவில்லை. வாசற்படி தாண்டும் விருந்தாளிகளுக்குக் காது அடைத்தது. அதற்கென்றே ஒரு டப்பாவில் புளிப்பு மிட்டாய் வைத்திருந்தார்கள். கடையில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் உள்ளே நுழைந்ததும் தலையணையாக உப்பியது. இதெல்லாம் தெருவுக்குப் பழகிவிட்டது. எதிர்வீட்டு வனஜா மட்டும் விடுவதில்லை.

"இன்னா மங்களம், உங்கூட்டுக்காரரு இன்னிக்கும் மாவை ஸ்பூன்ல துன்னுகினு கீறாரா?"

தட்சிணாமூர்த்தி அப்போதெல்லாம் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்வார். காரணம் அவருக்குத் தெரியாது. எந்த நாளில் தொடங்கியது என்பது தெரியும்.

அவருடைய அண்ணன் உத்தமன், ஆவடித் தொழிற்சாலையில் கடைசல் பிடித்தவரின் மூத்த பிள்ளை. பன்னிரண்டு வயதில் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி விமானம் எண்ணியவன், இருபத்திரண்டில் குண்டுவீச்சு விமானம் ஓட்டினான். போர் தொடங்கிய வாரத்தில் தம்பிக்கு ஒரு கடிதம் எழுதினான். மேகத்துக்கு மேலிருந்து ரயில்வே யார்டு என்று போட்ட குண்டு சந்தையில் விழுந்திருக்கிறது, சோறு இறங்கவில்லை, இனிப் பறக்க முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடட்டுமா, அப்பாவிடம் சொல்கிறாயா தட்சிணா? இருபது வயது தட்சிணாமூர்த்தி அப்பாவிடம் சொல்லவில்லை. தபால் ஆபீஸுக்குப் போய் மூன்று சொல்லில் தந்தி கொடுத்தார்: ஊர் சிரிக்கும், வராதே. இரண்டு நாள் கழித்து உத்தமனின் விமானம் பதினெட்டாயிரம் அடியில் ஒரு மேகத்துக்குள் போனது. வெளியே வந்ததை யாரும் பார்க்கவில்லை, விழுந்ததையும் பார்க்கவில்லை. அவனுக்கு இருபத்து நான்கு. தெருவுக்கு அவன் பெயரை வைத்தார்கள். சுதந்திர தினத்துக்கு சுதந்திர தினம் தெருவில் கொடியேற்றும்போது தட்சிணாமூர்த்திக்கு மாலை விழுந்தது. "அண்ணன் எங்கிட்ட கேட்டான், சிங்கம் மாதிரி போன்னேன்" என்று அவர் மைக்கில் சொல்வார். கூட்டம் கை தட்டும்.

மகன் நிர்மலைக் கட்டிக்கொண்டு வந்த சௌம்யா, முகப்பேரில் அறிவியல் டீச்சர். பள்ளியிலிருந்து தெர்மாமீட்டர் கொண்டுவந்து பாத்திரத்தில் விட்டாள். தண்ணீர் எண்பத்திரண்டு டிகிரியில் கொதித்தது. தண்ணீர் கொதிக்க வேண்டுமானால் அதன் ஆவி, மேலே அழுத்தும் காற்றைத் தள்ளிக்கொண்டு எழ வேண்டும். உயரத்தில் காற்று லேசு. சீக்கிரமே கொதித்துவிடும், ஆனால் மாவு வேகும் அளவுக்குச் சூடு இருக்காது. ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும்.

"பதினெட்டு டிகிரி கம்மி மாமா. நம்ம கிச்சன் பதினெட்டாயிரம் அடில இருக்கு. பெரிய மாமா எவ்ளோ உயரத்துல போனாரு?"

தட்சிணாமூர்த்தி எழுந்து உள்ளே போனார். டிரங்குப் பெட்டியைத் திறந்து கடிதத்தையும் தந்தியின் நகலையும் அவள் கையில் கொடுத்தார். அவள் இரண்டையும் படித்துவிட்டுப் பொறுமையாக விளக்கினாள். விமானத்தில் உயரம் காட்டும் முள், உண்மையில் காற்றின் அழுத்தத்தைத்தான் அளக்கிறது. தரையில் அழுத்தம் எவ்வளவு என்று கீழிருந்து ஒருவர் சொன்னால்தான் மேகத்துக்குள் இருப்பவனுக்குத் தரை எங்கே என்று தெரியும். "இறங்கலாம்னு யாராச்சும் சொல்லணும் மாமா. நீங்க வராதேன்னுட்டீங்க."

கதவருகே நின்ற மங்களம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். "நாப்பது வருஷமா என் கையைச் சொன்னாங்க. நீங்க பேப்பருக்குப் பின்னாடி உக்காந்திருந்தீங்க."

அந்த ஆகஸ்ட் பதினைந்தில் அவர் மாலைக்குத் தலை குனியவில்லை. மைக்கை வாங்கி, கடிதத்தைப் படித்தார், தந்தியைச் சொன்னார். யாரும் கை தட்டவில்லை. மாலை பிடித்திருந்தவர் அதை நாற்காலி மேல் வைத்துவிட்டு நகர்ந்தார்.

"அப்போ மங்களம் கையில ஒன்னியும் தப்பு இல்லியா, அண்ணாத்தே?" என்றாள் வனஜா.

"இல்ல" என்றார். அவருக்குக் காதுவரை கூசியது. சௌம்யா தன் போனில் அழுத்தத்தைப் பார்த்து எண்ணைக் காட்டினாள். அவர் வானத்தைப் பார்த்து மைக்கில் சொன்னார்: "அண்ணா, தரையில ஆயிரத்து நாலு மில்லிபார். ஊர் சிரிச்சா சிரிக்கட்டும். இறங்கி வா."

ஒரு விமானத்துக்கு நிமிடத்துக்கு ஐந்நூறு அடி என்பது நிதானமான இறக்கம். வீட்டில், மங்களம் அடுப்பில் வைத்துவிட்டு வந்த தண்ணீரில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறியது. அலமாரியில் இருந்த சிப்ஸ் பாக்கெட் மெல்லச் சுருங்கியது. முப்பத்தாறாவது நிமிடம் தெர்மாமீட்டர் நூறைக் காட்டியது. வீடு திரும்பியிருந்த மங்களம் தட்டில் மாவு ஊற்றி மூடினாள். பத்து நிமிடத்தில் இட்லி வெந்தது.